பல்லி முட்டை கற்றுத் தந்த பாடம்

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் வாக்கு. இதனை நாங்கள் தமிழ் வகுப்பில் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால், அதன் பொருளை எங்களுக்கு உணர்த்தியவை இரண்டு பல்லி முட்டைகளே!

ஆகஸ்டு 2-ஆம் நாள். வெள்ளையடிப்பதற்காக ஆய்வுக்கூடத்து அலமாரியை நகர்த்தினோம். அதன் பின்புறம் கொண்டைக்கடலை அளவில் இரண்டு வெண்ணிற முட்டைகள் இருந்தன. "அப்படியே எடுங்கள், புரட்டாதீர்கள்" என்றார் எங்கள் அறிவியல் சிஸ்டர். ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அகன்ற வாய்ப் புட்டியில் உலர்ந்த மணல் பரப்பி, புள்ளி மேலே இருக்குமாறு முட்டைகளை வைத்து, மூடியில் துளைகள் இட்டோம். வெயில் படாத இடத்தில் புட்டியை வைத்தோம்.

கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டுகிறதே, பல்லி முட்டையை ஏன் புரட்டக் கூடாது? கோழி முட்டையில் மஞ்சள் கருவைத் தாங்கிப் பிடிக்க முறுக்கிய கயிறு போன்ற இரு இழைகள் உண்டு. பல்லி முட்டையில் அவை இல்லை. வளரும் கரு ஓட்டின் மேற்புறத்தை ஒட்டி அமைந்துவிடும். பிறகு புரட்டினால் அது இறந்துவிடக் கூடும்.

பல்லி அடைகாப்பதும் இல்லை. சுற்றுப்புற வெப்பமே கருவை வளர்க்கிறது. கோழிக்குஞ்சு 21 நாளில் வெளிவரும். வீட்டுப் பல்லிக்கோ, வெப்பத்தைப் பொறுத்து, ஏறத்தாழ ஆறு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். நாள்தோறும் வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினோம். பெரும்பாலும் 29 அல்லது 30 டிகிரி செல்சியஸ்.

முதல் வாரம் ஆவலுடன் பார்த்தோம். மூன்றாம் வாரம் அலுத்துவிட்டது. 38-ஆம் நாள், சிஸ்டர் இல்லாத வேளையில், "கெட்டுப்போயிருக்கும்" என்று எங்களுக்குள் முடிவு செய்து ஒரு முட்டையை உடைத்தோம். உள்ளே விரல்கள்கூட உருவாகிவிட்ட குட்டிப் பல்லி! வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் ஒட்டியிருந்தது. ஒருமுறை அசைந்தது, பிறகு அசையவில்லை. எங்களில் யாருக்கும் பேச நா எழவில்லை.

சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை. "நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார். "38-ஆம் நாள். நாங்கள் திறந்தோம்" என்று எழுதினோம். அதைவிடக் கடினமான வாக்கியத்தை நாங்கள் எழுதியதில்லை.

பின்னர் அவர் விளக்கினார்: முட்டை குழிவிழாமல், பூசணம் பிடிக்காமல், நாற்றமின்றி இருந்தால் அதைக் கெட்டது என்று முடிவு செய்யக் கூடாது. ஐயம் இருந்தால், எடுக்காமலேயே பக்கத்திலிருந்து டார்ச் ஒளி பாய்ச்சிப் பார்க்கலாம். தொடக்கத்தில் இளஞ்சிவப்பும் இரத்த நாளங்களும் தெரியும். குட்டி வளர வளர உள்ளே இருண்டு தோன்றும்.

அதன் பின் புட்டியை யாரும் தொடவில்லை. செப்டம்பர் 24 காலை, 53-ஆம் நாள், ஓட்டில் ஒரு கீறல் தெரிந்தது! பல்லிக்குட்டிக்கு ஓட்டைக் கிழிக்கவென்றே வாயின் முன்பக்கம் இரண்டு சிறு பற்கள் உண்டு. பிறந்த பின் அவை உதிர்ந்துவிடும். உதவி செய்யக் கைகள் துடித்தன. ஆனாலும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். முதல் மணி அடிப்பதற்குள் குட்டி தானாகவே வெளியே வந்துவிட்டது. மாலையில் அதே சுவரில் விட்டோம். விர்ரென்று ஏறி மறைந்தது.

அன்புத் தோழிகளே! நாம் அவசரப்படுவதால் எந்த உயிரும் விரைவாக வளர்வதில்லை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் "53-ஆம் நாள். தானே திறந்தது" என்று எழுதியிருக்கிறோம். 38-ஆம் நாளின் பக்கத்தையும் கிழிக்காமல் வைத்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி