இணைய முகவரியைப் படிக்கும் முறை

வேலூரில் வாழும் உங்கள் பாட்டி, சித்தூரிலுள்ள உங்களுக்குக் கடிதம் எழுதுகிறார் எனக் கொள்வோம். உறையின்மேல் முதலில் பெயர், அடுத்துத் தெரு, பின்னர் ஊர், இறுதியில் மாநிலம் என எழுதுவார். சிறியது முன்னும் பெரியது பின்னும் அமையும். இணைய முகவரியும் அவ்வாறே அமைந்துள்ளது.

இணையத்தில் இணைந்த கணினிகளை எண்களே அடையாளம் காட்டுகின்றன. இவ்வெண் ஐ.பி. முகவரி எனப்படும். இதன் பழைய வகையில் நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான எண்ணாகும். எண்களை நினைவில் கொள்வது கடினம். ஆகவே, பெயரைக் கொண்டு எண்ணைக் கண்டறியும் களப்பெயர் முறையை 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார்.

சித்தூர் மாவட்ட நிருவாகத்தின் களப்பெயரைத் தமிழில் ஒலித்தால் ‘சித்தூர்.ஏபி.கவ்.இன்’ என வரும். இதனை வலமிருந்து இடமாகப் படியுங்கள்.

இன் – இந்தியா
கவ் – அரசு
ஏபி – ஆந்திரப் பிரதேசம்
சித்தூர் – மாவட்டம்

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அதன் களப்பெயர் ‘திருப்பதி.ஏபி.கவ்.இன்’. இடப்பக்கச் சொல் மட்டுமே மாறியுள்ளது.

இவ்வறிவு நமக்கு ஏன் தேவை? திருமலையில் தரிசனச் சீட்டுப் பெற விரும்பும் பாட்டி, உங்கள் உதவியை நாடலாம். தேவஸ்தானத்தின் பெயரில் போலித் தளங்கள் தோன்றிப் பக்தர்களை ஏமாற்றியதுண்டு. ‘திருப்பதி’ என்னும் சொல்லை இடப்பக்கத்தில் எவரும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ‘கவ்.இன்’ என முடியும் பெயர் அரசு சார்ந்த அமைப்புகளுக்கே வழங்கப்படும். தேவஸ்தானத்தின் களப்பெயரும் ‘ஏபி.கவ்.இன்’ என்றே முடிகிறது. எனவே, பணம் செலுத்துமுன் களப்பெயரின் முடிவை நோக்குங்கள். அதனையடுத்துச் சாய்கோடு இருப்பின், அக்கோட்டிற்குப் பின் வருவது தளத்திலுள்ள பக்கத்தையே குறிக்கும்.

தமிழ் எழுத்துகளிலும் களப்பெயர் அமைக்கலாம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ ஆகியவை அத்தகைய முடிவுகள். உங்கள் தெலுங்குத் தோழர்கள் தம் எழுத்தில் ‘.பாரத்’ என முடிக்கலாம்.

சொற்பொருள்
களப்பெயர் – இணையத்தளத்தை அடையாளம் காட்டும் பெயர்
போலி – உண்மை போலத் தோன்றும் பொய்

பயிற்சி
1. கடித உறையின் முகவரிக்கும் இணைய முகவரிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. ‘திருப்பதி.ஏபி.கவ்.இன்’ என்பதை வலமிருந்து பிரித்துப் பொருள் எழுதுக.
3. ‘திருப்பதி.ஏபி.கவ்.இன்.எக்சாம்பிள்.காம்’ என்பது அரசின் முகவரி அன்று. ஏன்?
4. போலித் தளத்தைக் கண்டறியும் முறையை விளக்கி உங்கள் பாட்டிக்கு ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக.