இறுதியாண்டு ஆராய்ச்சி தொடங்குவார்க்கு

பொறியியற் கல்லூரிகளில் நான்காம் ஆண்டு மாணவர் ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டு, அதன் பயனை ஏட்டில் எழுதித் தேர்வாளர் முன்னிலையில் விளக்குதல் வேண்டும். இதனை மாணவர் 'பிராஜெக்ட்' என்றே வழங்குவர். மூன்றாண்டுகளாகப் பிறர் வகுத்த வினாக்களுக்கு விடை எழுதிப் பழகியவர், இப்பொழுது முதன்முறையாகத் தாமே ஒரு வினாவை அமைக்க வேண்டியவராகின்றனர். அவர்க்கு நேரும் இடர்களிற் பெரும்பாலன இங்கேயே பிறக்கின்றன.

சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்பூதூருக்குச் சற்று முன்னர் உள்ளது பென்னலூர். 1985-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஸ்ரீ வெங்கடேசுவரா பொறியியற் கல்லூரி இவ்வூரில் இருக்கின்றது. அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய்க் கார்கள் செய்யப்பட்டு வருகின்றன. தெற்கே ஒரகடத்தில் லாரியும் காரும் மோட்டார் சைக்கிளும் செய்யும் ஆலைகள் உள. இவற்றிற்கு வேண்டிய உறுப்புகளை வார்த்தும் கடைந்தும் கொடுக்கும் சிறு பட்டறைகளோ பல. இத்தகைய ஊரிற் பயிலும் மாணவரும், ஆராய்தற்குரிய பொருளைத் தேடிக் கணிப்பொறித் திரையையே நோக்கியிருத்தல் வியப்பேயாம். அங்ஙனம் கிடைக்கும் தலைப்புகள் பெரியனவாகவும் பளபளப்பானவாகவும் இருக்கும். 'செயற்கை நுண்ணறிவால் ஓர் ஆலை முழுவதையும் ஆளுதல்' என்பது போன்ற தலைப்பைக் கொண்டு வருபவரிடம், "நீவிர் எதனை அளக்கப் போகின்றீர்? எக்கருவி கொண்டு?" என்று கேட்டால் மறுமொழி பிறப்பதில்லை.

சிறிய வினா எத்துணைப் பயனுடையதாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். உறுப்புகள் செய்யும் பட்டறை எதிலும் கம்ப்ரஸர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அழுத்திய காற்று குழாய்களின் வழியே ஒவ்வொரு பொறிக்கும் செல்லும். மூட்டுகளிலும் ரப்பர்க் குழாய்களிலும் காற்று கசிந்தால் எவரும் பொருட்படுத்தார்; தண்ணீராயின் தரை நனையும், எண்ணெயாயின் வழுக்கும், காற்றோ வெறும் 'உஸ்' என்னும் ஓசையோடு போய்விடும். இக்கசிவை அளத்தற்கு ஒரு கைக்கடிகாரம் போதும். பணியில்லா நேரத்தில் காற்றைப் பயன்படுத்தும் பொறிகள் யாவற்றையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுக. அது சுமையேற்று ஓடும் நேரத்தையும், சுமையின்றி ஓடும் நேரத்தையும் பலமுறை குறித்துக்கொள்க. முன்னதை இரண்டன் கூட்டுத்தொகையால் வகுத்தால் கசிவின் பங்கு கிடைக்கும். 2 நிமிடம் சுமையோடும் 6 நிமிடம் சுமையின்றியும் ஓடுமாயின், கம்ப்ரஸர் தரவல்ல காற்றில் நூற்றுக்கு 25 பங்கு வீணாகின்றது என்பது பொருள். 37 கிலோவாட் கொண்டு இயங்கும் கம்ப்ரஸரில், இடையறாது ஓடும் ஆலையொன்றில், இக்கசிவு நாளொன்றுக்கு ஏறக்குறைய 220 யூனிட் மின்சாரத்தை விழுங்கும்.

இவ்வளவில் நின்றால் அது கணக்கெடுப்பேயன்றி ஆராய்ச்சி ஆகாது. சோப்பு நீர் தடவிக் கசியும் இடங்களைக் கண்டு அடைத்த பின்னர், வாரந்தோறும் மீண்டும் அளந்து, கசிவு எத்தனை வாரத்தில் திரும்புகின்றது, எவ்வகை மூட்டில் முதலில் திரும்புகின்றது, அதற்கு அதிர்வு காரணமா, அன்றி அடிக்கடி கழற்றி மாட்டுதல் காரணமா என்று வினவுங்கால் ஆராய்ச்சி தொடங்குகின்றது. இவ்வினாவிற்கு விடை காண ஒரு பருவம் போதும். விடை கிடைத்தால் பட்டறைக்காரரும் அதனை விரும்பிக் கேட்பர்.

இனிச் சோதனை செய்யும் முறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இயந்திரவியல் மாணவர் பலர், ஜப்பானியராகிய டகுச்சி பரப்பிய 'எல்9' என்னும் அட்டவணையைப் பெரிதும் விரும்புகின்றனர். கடைசற்பொறியில் வெட்டு வேகம், ஊட்டம், வெட்டின் ஆழம், முனையின் ஆரம் என்னும் நான்கு காரணிகளையும் மும்மூன்று நிலைகளில் முற்றச் சோதிக்க 81 சோதனைகள் வேண்டும். அட்டவணை 9 சோதனைகளில் முடித்துத் தருகின்றது. சிக்கனம் நன்றே. ஆயினும் 9 சோதனைகளினின்று பெறக்கூடிய தனித்த ஒப்பீடுகள் 8 மட்டுமே. ஒவ்வொரு காரணியும் இரண்டைக் கொண்டுவிட்டால், நான்கும் சேர எட்டும் தீர்ந்து, பிழையை மதிப்பிட ஒன்றும் எஞ்சாது. பிழை இன்னதென்று அறியாமல் 'ஊட்டமே முதன்மைக் காரணி' என்று எழுதுவது எங்ஙனம் பொருந்தும்? ஆண்டுதோறும் இங்ஙனமே எழுதப்படுகின்றது. ஏடுகள் தோலட்டையும் பொன்னெழுத்தும் பெற்று அலமாரியில் அடுக்கப்படுகின்றன! ஒவ்வொரு சோதனையையும் மும்முறை செய்து 27 துண்டுகளைக் கடைக. வெட்டுமுனை நேரஞ்செல்லச் செல்லத் தேயுமாதலின், எதனை முன்னர்ச் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்க. ஒரே துண்டை இருவர் தனித்தனியே அளந்து, அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் முதலிற் பார்த்துவிடுக. அளப்பவர் வேறுபாடு காரணியின் வேறுபாட்டைவிடப் பெரிதாயின், மேற்கொண்டு செய்வன யாவும் வீண்.

நிற்க. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அப்துல் கலாம் பயின்ற காலத்து நிகழ்ந்ததொன்றை மாணவர் பலரும் அறிவர். தாழப் பறந்து தாக்கும் விமானமொன்றை வடிவமைக்கும் பணி அவருக்கும் தோழர் நால்வருக்கும் தரப்பட்டது. பணி மந்தமாக நடப்பது கண்ட பேராசிரியர் ஸ்ரீநிவாசன், ஒரு மாதத் தவணை கேட்டவர்க்கு மூன்று நாளே தந்தார். தவறினால் உதவித்தொகை நின்றுவிடும் என்றும் கூறினார். கலாம் உறக்கமின்றி உழைத்து முடித்தார். 1999-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவரே இதனைச் சொல்லியுள்ளார். இக்கதையைக் கேட்டவர், கடைசி மூன்று நாளில் எதனையும் முடித்துவிடலாம் என்று கருதிக்கொள்ளுகின்றனர். நான் காண்பது வேறு. விமானத்தின் காற்றியக்க வடிவம் தம் பங்கு என்பது அவருக்கு முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது. நால்வர் சேர்ந்து செய்யும் இக்காலத்து ஆராய்ச்சிகளில், எவர் பங்கு எது என்பது பெரும்பாலும் வாய்மொழித் தேர்வின் முன்னாளில்தான் பேசப்படுகின்றது. ஒருவன் உழைக்க மூவர் கையொப்பமிடுதலும் அதன் விளைவே.

முடித்த ஆராய்ச்சியை விலைக்குத் தரும் கடைகளும் நகரத்தில் உள. பெற்றோர் கடன்பட்டுக் கட்டிய கட்டணத்தின் மேல் இன்னுமொரு தொகை அங்கே செல்லுகின்றது. பின்னர் வேலைக்கான நேர்முகத்தில், "நீர் செய்த பிராஜெக்டைப் பற்றிச் சொல்லும்" என்பதே பெரும்பாலும் முதல் வினாவாக வருகின்றது. கருவி பழுதாகி, எண்ணிய பயன் கிட்டாதவனும் அவ்வினாவிற்கு அரைமணி நேரம் விடை சொல்லக்கூடும். வாங்கியவனுக்கு இரண்டு வாக்கியங்களுக்கு மேல் ஓடாது. ஆதலின் எண்ணிய பயன் கிட்டவில்லையெனின் அதனை மறையாமல், கிட்டாமைக்குரிய காரணத்தோடு ஏட்டில் எழுதுக. அன்றன்று எடுத்த அளவுகளைக் கட்டுவிட்ட தாள்களில் குறியாமல், தைத்த குறிப்பேட்டில் தேதியிட்டு மையால் எழுதிவருக. தவறிய அளவையும் ஒரு கோடிட்டு அடிக்கவேண்டுமேயன்றி அழித்தலாகாது.

ஆலைக்குள் செல்ல அனுமதி பெறுதற்குச் சில வாரங்கள் செல்லும். ஆகவே ஏழாம் பருவம் முடியுமுன்னரே துறைத்தலைவர் வழியாகக் கடிதம் அனுப்பிவிடுக. உள்ளே புகும் நாளில் மேலாளரைக் கண்டு வணங்கிய பின், நெடுநாள் பணியாற்றிய ஃபிட்டர் ஒருவரைத் தேடிச் சென்று பேசுக. எந்த மூட்டு அடிக்கடி ஒழுகும் என்பதை அவர் முன்னமே அறிவார்.