குசினியில் முகம் பார்த்துப் பேச

சுன்னாகத்தில் மனையடி சாஸ்திரம் பார்த்து வீடு கட்டுவோர் குசினிக்குத் தென்கிழக்கான அக்கினி மூலையைத் தேடுவார்கள். அது அமையாவிட்டால் வடமேற்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் முக்கியமாக வீசுவது தென்மேற்கிலிருந்து சோளகமும் வடகிழக்கிலிருந்து வாடையும். இந்த இரு மூலைகளில் எழும் அடுப்புப் புகை, எந்தக் காற்றிலும் பெரும்பாலும் வீட்டின் நடுவுக்குள் புகாமல் ஓரமாகப் போய்விடும். விதியில் நியாயம் உண்டு. ஆனால் மூலை சரியானால் கணவன் மனைவி ஒற்றுமை பெருகும் என்பதற்குச் சான்று இல்லை. அந்த ஒற்றுமைக்குக் கைகொடுப்பது சீனரின் ஃபெங் சுயி விதி: சமைப்பவர் வாசலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. முதுகைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு அரைப் பதில்தானே வரும்!

மனையடி சாஸ்திரப்படி கிழக்குப் பார்த்துச் சமைக்க வேண்டுமே என்பீர்கள். சமைக்கலாம், அடுப்புக்குப் பக்கவாட்டில் ஒரு கதிரை போடுங்கள், தலையைத் திருப்பினால் முகம் தெரியும். வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும். ஃபெங் சுயிக்காரர் அடுப்புக்குப் பின்னால் கண்ணாடி மாட்டச் சொல்வர். எண்ணெய்ப் பிசுக்குத் துடைப்பதே வேலையாகிவிடும். நெருப்பும் நீரும் ஒட்டக் கூடாது என்ற அவர்களின் இன்னொரு விதி உருப்படியானது. அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே இரண்டடி பலகை விட்டால், சந்தையில் வாங்கிய மரக்கறியை இன்னொருவர் நின்று வெட்ட இடம் கிடைக்கும். அந்த இன்னொருவர் வரவே மாட்டார் என்றால் குறை பலகையில் இல்லை. திருவலையை அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தேங்காய் துருவுவதிலிருந்து தொடங்கட்டும்.