எம்டன் கப்பலும் வெள்ளிக் காசும்

"எங்க அப்பா ஒரு எம்டன்! அவர் முன்னால நின்னு பேசவே பயம்."

சித்திரபுரத்தில் எங்கள் படிப்பு மையத்தில் ஓர் அக்கா இப்படிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பாட்டி கேட்டார்: "எம்டன் எம்டன்னு சொல்றோமே, அது யாரு தம்பி?"

நல்ல கேள்வி. எம்டன் என்பது ஆள் அல்ல. அது ஒரு கப்பல். ஜெர்மனி நாட்டின் போர்க்கப்பல்.

1914-ஆம் ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியது. அப்போது நம் நாட்டை ஆங்கிலேயர்கள் ஆண்டார்கள். ஜெர்மனி அவர்களுக்கு எதிரி நாடு.

1914 செப்டம்பர் 22. இரவு நேரம். எம்டன் சென்னைக் கடலுக்கு வந்தது. கரையில் பெரிய எண்ணெய்த் தொட்டிகள் இருந்தன. எம்டன் அவற்றைக் குறிவைத்துச் சுட்டது. சில நிமிடங்களில் 100 குண்டுகளுக்கு மேல் விழுந்தன. தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. உயிர்களும் போயின. மக்கள் பயந்து ஊரை விட்டு ஓடினார்கள்.

அந்தப் பயம் ஒரு சொல்லாகத் தங்கிவிட்டது. கண்டிப்பான ஆளை, பொல்லாத கெட்டிக்காரனை 'எம்டன்' என்கிறோம். மலையாளத்தில் மிகப் பெரியதை 'எமண்டன்' என்பார்கள். அந்தச் சொல்லும் இந்தக் கப்பலின் பெயரிலிருந்தே வந்தது என்று சொல்வதுண்டு.

பிறகு எம்டன் என்ன ஆயிற்று?

இந்தியப் பெருங்கடலில் கொக்கோஸ் தீவுகள் உள்ளன. அங்கே ஒரு தந்தி நிலையம் இருந்தது. 1914 நவம்பர் 9 அன்று எம்டன் வீரர்கள் அதை அழிக்கக் கரை இறங்கினார்கள். அதற்குள் நிலைய ஊழியர்கள் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' என்ற போர்க்கப்பல் விரைந்து வந்தது. இரண்டு கப்பல்களும் மோதின. எம்டன் தோற்றது. உடைந்து, பவளப்பாறையில் ஏறி நின்றது. எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். சிட்னியில் 4 பேர் இறந்தார்கள்.

உடைந்த எம்டனில் ஆயிரக்கணக்கான வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவை மெக்சிகோ நாட்டுக் காசுகள். எம்டன் சீனத் துறைமுகம் ஒன்றிலிருந்து கிளம்பிய கப்பல். அந்தக் காலத்தில் சீன வியாபாரத்தில் மெக்சிகோ வெள்ளிக் காசு நன்றாகச் செல்லும்.

அவற்றில் சுமார் 1000 காசுகளை ஆஸ்திரேலியா பதக்கமாக்கியது. காசை உருக்கவில்லை. காசுக்கு மேலே ஒரு கிரீடம் வைத்தார்கள். நடுவில் இரண்டு கப்பல்களின் பெயர்களையும், போர் நடந்த தேதியையும் பொறித்தார்கள். சிட்னி கப்பல் வீரர்களுக்கு அந்தப் பதக்கம் கிடைத்தது.

இதைச் சொன்னதும் பாட்டி கேட்டார்: "ஜெயிச்சவங்களுக்குப் பதக்கம். சரி. மெட்ராஸ்ல செத்தவங்க பேரு அதுல இருக்கா?"

இல்லை.

போர் செய்யாத மக்களும் போரில் சாகிறார்கள். அவர்கள் பெயரைக் காசில் பொறிப்பதில்லை. காசில் எழுதியிருப்பதைப் படிப்போம். எழுதாமல் விட்டதையும் கேட்போம். பாட்டி அதைத்தான் செய்தார்.

விடை எழுதுங்கள்:

1. எம்டன் சென்னையைத் தாக்கிய தேதி என்ன?

2. எம்டனைத் தோற்கடித்த கப்பல் எது?

3. உங்களிடம் உள்ள ஒரு காசை எடுங்கள். அதில் உள்ள ஆண்டை எழுதுங்கள். அந்த ஆண்டில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? இரண்டு வரி எழுதுங்கள்.