ஏர்கோனில் பனிக்கட்டி பிடிப்பது ஏன்?

மாணவர்களே, கெடாவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வெயில் கொளுத்தும். பக்கத்து மாநிலமான பெர்லிசில், சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. இப்படிப்பட்ட வெயிலில் சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு வீட்டு ஏர்கோனில் பனிக்கட்டி படிந்திருக்க, அறை மட்டும் புழுங்கினால்? "நன்றாகக் குளிர்கிறது" என்று எண்ணி வெப்பநிலையை இன்னும் குறைக்காதீர்கள்.

சுவர்ப் பெட்டிக்குள் உள்ள செம்புக் குழாய்ச் சுருளில் குளிர்பதனத் திரவம் கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை அறைக்காற்று தருகிறது. அதனால் சுருள் ஏறத்தாழ 5 முதல் 10 பாகையில் நிற்கும். காற்றிலுள்ள ஈரம் அதில் நீராகி வடியும். வடிகட்டியைத் தூசு அடைத்தால் காற்று குறையும், வெப்பமும் குறையும். சுருள் சுழியத்துக்குக் கீழே இறங்க, நீர் உறைகிறது. அந்தப் பனியே மிச்சக் காற்றையும் மறிக்கும்.

கேஸ் கசிந்தாலும் இதே கதைதான். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் அல்லவா?

பனியைக் கத்தியால் சுரண்டாதீர்கள், குழாய் ஓட்டையாகிவிடும். ஏர்கோனை அடைத்துவிட்டு, பனி உருகியபின் வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். மீண்டும் உறைந்தால் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். அவர் கேஸ் மட்டும் நிரப்பிவிட்டுக் கிளம்பினால், "கசிவு எங்கே, அண்ணே?" என்று கேளுங்கள். கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.