தண்டல்காரர் வண்டியைத் தூக்கிப் போனால்…

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணியில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறேன். தண்டலில் 10,000 ரூபாய் என எழுதி 8,500 தந்தார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒரு வாரம் தவறியதும் வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என்ன செய்ய?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். அசல் தினமும் குறைவதால், இந்த 1,500 ரூபாய் ஆண்டு வட்டியாக நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. மீட்டர் வட்டி, நாள் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம். தண்டனை மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். வாங்கிய பணத்தை மறுக்க வேண்டாம். தர வேண்டியதை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதியக் கோரலாம். பறித்த பொருளை மீட்கவும் அதே சட்டத்தில் வழியுண்டு.

கட்டிய தவணைகளை நோட்டில் எழுதி, மிரட்டும் அழைப்புகளைப் பதிவுசெய்து, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். வெற்றுப் பத்திரத்தையும் அதில் தவறாமல் குறிப்பிடுங்கள். ஏற்பு ரசீது வாங்காமல் வர வேண்டாம். 2017 அக்டோபரில் கந்துவட்டித் தொல்லையால் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்த குடும்பமும் பலமுறை மனுக் கொடுத்திருந்ததுதான். ஆகவே நிலையத்தில் இழுத்தடித்தால் மாநகரக் காவல் ஆணையரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்திலும் அந்த ரசீதின் நகலோடு மனுக் கொடுங்கள்.