நம்பிக்கைகளும் உண்மைகளும்: தோட்டத்தில் ஓயாமல் குரைக்கும் டெரியர்

பெங்களூர் ஜெயநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோட்டம். ஒரு கொய்யா, ஒரு பட்டர் ஃப்ரூட் மரம், மதிலோரம் செம்பருத்தி. போன வருடம் அங்கே ஒரு ஜாக் ரஸல் டெரியர் குட்டி வந்து சேர்ந்தது. வெள்ளை முதுகில் கருமிளகைத் தூவியது போலப் புள்ளிகள்; அதனால் மிளகு என்று பெயர் வைத்தோம். எட்டாவது மாதத்தில் அவள் குரைக்கத் தொடங்கினாள். அணிலைப் பார்த்தால் குரைப்பு, கொரியர் பையனைப் பார்த்தால் குரைப்பு, காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டிக்கு ஒரு கச்சேரியே நடக்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டு சார் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, “மகளுக்கு நைட் ஷிஃப்ட்மா. பகல்லதான் தூங்கணும். கொஞ்சம் பாத்துக்கோங்க” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

அந்த வாரத்தில் நான் கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோரும் யோசனை சொன்னார்கள். பெரும்பாலானவை பல வீடுகளில் பல வருடங்களாக உலவும் நம்பிக்கைகள். சிலவற்றில் பாதி உண்மை இருக்கிறது. சில நாயைத் துன்பப்படுத்துபவை.

“டெரியர் என்றால் குரைக்கத்தான் செய்யும். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?”

முதல் வாக்கியம் சரி. லத்தீனில் மண்ணைக் குறிக்கும் ‘டெரா’ என்ற சொல்லிலிருந்துதான் டெரியர் என்ற பெயரே வந்தது. வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் மடக்குவதற்காக வளர்க்கப்பட்ட நாய் இது. மண்ணுக்குள் போய்விட்ட நாயை மேலே நிற்பவரால் பார்க்க முடியாது. அது விடாமல் குரைத்தால்தான் எந்த இடத்தில் தோண்டுவது என்று தெரியும். ஜான் ரஸல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்த காலத்தில், 1819இல், ஒரு பால்காரரிடம் வாங்கிய ‘டிரம்ப்’ என்ற பெட்டை நாய்தான் ஜாக் ரஸல் வம்சத்தின் மூதாய் என்பார்கள். நரியைக் கொல்லாமல் வளையிலிருந்து வெளியே கிளப்ப வேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. அந்த வேலைக்குப் பல்லைவிடக் குரல் முக்கியம். நம் சிப்பிப்பாறையும் கர்நாடகத்து முதோல் நாயும் வேறு வார்ப்பு. திறந்தவெளியில் கண்ணால் கண்டு ஓடிப் பிடிப்பவை. அவற்றோடு டெரியரை ஒப்பிட்டு, “அது எவ்வளவு அமைதி, இது ஏன் இப்படி?” என்று கேட்பதில் நியாயமில்லை.

ஆனால் இரண்டாவது வாக்கியம் தவறு. குரல் பிறவியிலேயே வருவது. ஒரு நாளைக்கு எத்தனை முறை குரைப்பது என்பதைக் கற்றுக்கொடுப்பது தோட்டம். மிளகு குரைத்ததும் அணில் மரமேறி மறைகிறது. கொரியர் பையன் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு எப்படியும் போகப்போகிறவன்தான். அவள் கணக்கில், அவள் குரைத்ததால் போனான். குப்பை வண்டியையும் அவள்தான் தெருவை விட்டு விரட்டினாள். ஒரே பகலில் இத்தனை வெற்றி கிடைக்கும் வேலையை எந்த நாயும் தானாக விடாது. ஆகவே மாற்ற வேண்டியது அந்த வெற்றிக் கணக்கைத்தான்.

“தோட்டம்தான் இருக்கிறதே, வாக்கிங் எதற்கு?”

அதிகக் கெடுதல் செய்த நம்பிக்கை இதுதான் என்பேன். நானும் இதை நம்பினேன். காலையில் கதவைத் திறந்துவிட்டு, “போய் விளையாடு” என்று சொல்லி உள்ளே வந்துவிடுவேன். தனியாக விடப்பட்ட டெரியர் விளையாடுவதில்லை, ரோந்து போகிறது. கேட்டிலிருந்து கொய்யா மரம் வரை மதிலோரம் புல் தேய்ந்து, ஒரு சாண் அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது. அது மிளகு போட்ட பாதை என்று எனக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆனது.

நம் காதுக்கு எட்டும் ஒலி சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாயின் காதுக்கு ஏறக்குறைய 45,000 வரை எட்டும். எலிகள் தங்களுக்குள் எழுப்பும் மீயொலிகளில் ஒரு பகுதி அந்த எல்லைக்குள் வருகிறது. நமக்கு வெறும் புல்தரையாகத் தெரியும் இடம் அதற்குப் பரபரப்பான சந்தை. அங்கே ஓர் இளம் நாயை மூன்று மணி நேரம் தனியே நிறுத்திவிட்டு, அது ஓய்வெடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே முதலில் மாற்றியது இதை. துணைக்கு ஒருவர் இல்லாமல் மிளகு தோட்டத்துக்குப் போவதில்லை. காலையில் அரை மணி நேர நடை. அதிலும் வேகமாக இழுத்துக்கொண்டு போவதில்லை, அவள் மோந்து முடிக்கும்வரை நிற்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவில் நாய்களுக்கென்று வேலியிட்ட இடம். காலைத் தீனியில் பாதியைக் கிண்ணத்தில் வைக்காமல் புல்லில் தூவிவிடுவேன். தேடித் தின்னக் கால் மணி நேரம் ஆகும். மூக்கு வேலை செய்யும்போது வாய் ஓய்ந்திருப்பதைப் பார்க்கலாம். மூலையில் மூன்றடிக்கு மூன்றடி ஆற்று மணல் கொட்டி, அதில் பழைய துணி, ரப்பர் பந்து என்று புதைத்து வைத்தேன். தோண்டுவதும் அவள் ரத்தத்தில் இருப்பதுதான். அதற்கு ஓர் இடம் வேண்டுமே. பட்டர் ஃப்ரூட் விழுந்தால் உடனே பொறுக்கிவிட வேண்டும், அதன் கொட்டை குடலில் அடைத்துக்கொள்ளும். கேட்டின் கம்பிகள் வழியாகத் தெரு தெரியாதபடி நர்சரிகளில் விற்கும் பச்சை வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினோம். கொரியர் பையன்களுக்கான குரைப்பில் கணிசமான பங்கு அந்த ஒரு நாளிலேயே குறைந்தது.

“ஓர் அதட்டு போட்டால் அடங்கிவிடும்”

நாய் குரைக்கும்போது நாமும் கத்தினால், வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கிறார் என்றுதான் அது எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் “போதும்” என்பேன். சமையலுக்கு உதவ வரும் அக்கா கன்னடத்தில் “சாக்கு, சாக்கு” என்பார். பையன் “ஸ்டாப்” என்று கத்துவான். மூன்று மொழி வீடு பெங்களூருக்குப் புதிதல்ல; நாய்க்கு மட்டும் ஒரு சொல்தான் இருக்க வேண்டும். கூடிப் பேசி “போதும்” என்று முடிவு செய்தோம். அக்காவும் அழகாக அதையே சொல்லப் பழகினார்.

அந்தச் சொல்லை எப்போது சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய கிராமஃபோன் தட்டுகளில் குழாய் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாயை நினைவிருக்கிறதா? நம் வீட்டுப் பெரியவர்கள் ‘நாய் மார்க் ரிக்கார்டு’ என்பார்களே, அது. 1884இல் பிரிஸ்டலில் பிறந்த நிப்பர் என்ற டெரியர் கலப்பு நாய். ஃபிரான்ஸிஸ் பரோட் என்ற ஓவியர் வரைந்தது. தலையைச் சாய்த்து, காதை முன்னால் கொடுத்து, வாய் மூடிக் கேட்கிறது. ஒவ்வொரு குரைப்புக்கும் முன்னால் அந்த நிலை ஒன்றிரண்டு நொடி வரும். காது நிமிரும், வால் விறைக்கும், முன்னங்கால் ஒன்று லேசாக உயரும். பயிற்சிக்கு உரிய நொடி அதுதான். குரைத்து முடித்த பிறகு நாம் சொல்வது எதுவும் அதற்கு ஏறுவதில்லை.

நான் செய்தது இது. மார்புப் பட்டையில் ஐந்து மீட்டர் பருத்திக் கயிறு. இடுப்புப் பையில் வேகவைத்த கோழி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கியது. (உப்பு, வெங்காயம் எதுவும் சேர்க்காமல். வெங்காயமும் திராட்சையும் நாய்க்கு ஆகாது.) கொய்யா மரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றால் மிளகால் அணிலைப் பார்த்தும் குரைக்காமல் இருக்க முடிகிறதோ, அவ்வளவு தூரத்தில் நிற்பேன். முதல் வாரம் அது வராந்தாப் படிதான். காது நிமிர்ந்ததும் தாழ்ந்த குரலில் ஒரே முறை “போதும்”. அவள் என் பக்கம் திரும்பினால் உடனே ஒரு துண்டு. திரும்பாவிட்டால் கயிற்றைச் சுண்டி இழுக்காமல், நானே நான்கடி பின்னால் நகர்வேன். அவளும் வருவாள், வந்ததும் துண்டு. ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நேரம். பத்து நாளில் இரண்டடி முன்னேறினோம். அது எனக்குப் பெரிய முன்னேற்றமாகத்தான் பட்டது. ஆறாவது வாரத்தில் அணில் வாலைச் சிலுப்பிக்கொண்டு கிளையில் ஓட, நான் வாயைத் திறக்கும் முன்பே மிளகு திரும்பி என் கையைப் பார்த்தாள். அணிலைப் பார்த்தால் கோழி வரும் என்பது அவள் கணக்கில் ஏறிவிட்டது.

ஷாக் காலர் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் 2014இல் 63 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். கூப்பிட்டால் வருவதைப் பற்றிய ஆய்வு அது, குரைப்பைப் பற்றியது அல்ல. மின்பட்டை போட்ட நாய்கள் தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய நாய்களைவிட எதையும் நன்றாகக் கற்றுக்கொள்ளவில்லை. பதற்றத்தின் அறிகுறிகள்தான் கூடுதலாகத் தெரிந்தன. வேல்ஸ் நாடு 2010இலேயே அதைத் தடை செய்துவிட்டது. குரைப்புக்குப் போடுவதில் எனக்கு இன்னொரு அச்சம்: கொரியர் பையனைப் பார்த்த நொடியில் கழுத்தில் வலி வந்தால், அந்த வலியை நாய் அவன்மீதே ஏற்றி வைக்கலாம்.

அடிப்பதும், நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும், கட்டிய நாயை நடக்கவே விடாமல் வைத்திருப்பதும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றங்கள். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலனாக வந்த சட்டம் அது.

“கண்டுகொள்ளாமல் விட்டால் தானே நின்றுவிடும்”

நம் கவனத்துக்காக, பந்துக்காக, கதவைத் திறக்கச் சொல்லிக் குரைக்கும் நாய்க்கு இது பொருந்தும். அதிலும் ஒரு கண்டம் உண்டு. அணையப்போகிற விளக்கு ஓங்கி எரியும் என்பது போல, நிற்பதற்கு முன் குரைப்பு சில நாள் கூடும். அந்த நாட்களில் பொறுக்காமல் ஒரு முறை பந்தை வீசிவிட்டால், “இவ்வளவு நேரம் குரைத்தால்தான் கிடைக்கும்” என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். அணிலுக்கும் தெருவுக்கும் குரைக்கும் நாயிடம் இந்த வழி பலிக்காது. அதற்குப் பரிசு கொடுப்பவர்கள் நாம் இல்லையே.

எந்தக் குரைப்பு எது என்று காதாலேயே ஓரளவு பிரிக்க முடியும். புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பதிவு செய்த குரைப்புகளை மட்டும் கேட்டு, நாய் வளர்க்காதவர்கள்கூடச் சூழ்நிலையை யூகித்தார்கள். ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள்: எத்தனை மணிக்கு, எதைப் பார்த்து, எவ்வளவு நேரம். இதுவரை குரைக்காத நாய் திடீரென்று ஓயாமல் குரைத்தால், பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். காது வலிகூடக் காரணமாக இருக்கலாம்.

“வளர்ந்தால் சரியாகிவிடும்”

கருத்தடை செய்தால் அடங்கிவிடும் என்பதும் இதன் தங்கைதான். கருத்தடைக்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. அணிலுக்குக் குரைப்பதை அது நிறுத்தாது. வயதைப் பொறுத்தவரை, நியூகாஸில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு நமக்கு ஆறுதல் தரும்: ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட நாய்கள், எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொல்லைக் குறைவாகவே கேட்டன. விடலைப் பருவம். அது கடந்துபோகும், ஆனால் அந்தப் பருவத்தில் தினமும் ஐம்பது முறை செய்து பழகியது கூடவே தங்கிவிடும். இந்த மாதங்களில்தான் நாம் தோட்டத்தில் நிற்க வேண்டும்.

“குரைக்கிற நாய் கடிக்காது”

கடிக்கும். பயந்து குரைக்கும் நாய்க்குப் பின்னால் நகர இடமில்லாவிட்டால் கடிக்கும். உடல் விறைத்து, பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நின்றால், பழமொழியை நம்பி விருந்தாளிக் குழந்தையை அருகில் விடாதீர்கள். ரேபிஸ் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக்கூடாது.

அக்கம்பக்கத்தாரிடம் சட்டம் பேசுவதற்கு முன் சட்டத்தை முழுதாகப் படிக்கலாம். குரைப்பு நாயின் இயல்பான வெளிப்பாடு, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். குடியிருப்போர் சங்கத்தில் பெரும்பான்மை சேர்ந்தாலும் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்றும் சொல்கிறது. அதே வழிகாட்டுதல், இடைவிடாத குரைப்பு அக்கம்பக்கத்தாரைப் பாதிக்கும், குறிப்பாக இரவில் நாயை அமைதியாக வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் ஃபோனில் சேமித்து வைத்திருக்கிறோம். நான் குரைப்புகளைக் குறித்து வைத்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு சாரிடம் காட்டினேன். மகள் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தூங்குகிறாள் என்று கேட்டுக்கொண்டு, அந்த நேரத்தில் மிளகைத் தெருப்பக்கம் இல்லாத அறையில், மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூனில் மழை பிடித்ததும் பெருச்சாளிகள் செம்பருத்திக்கு அடியில் புது வளை தோண்டின. மூன்று நாள் பழைய கச்சேரி. ஐந்து மீட்டர் கயிற்றை மறுபடி எடுத்துக்கொண்டு, வராந்தாப் படியிலிருந்தே மறுபடி தொடங்கினேன். இந்த முறை நான்காம் நாளே செம்பருத்தி வரை போய்விட்டோம்.